முற்றத்தில் நிழல் விழாத இடம்

வீட்டு முற்றத்தில் சோலார் பேனல் வைத்துக் கொடுக்கிற எங்கள் தொழிலில், முதல் நாள் முழுக்கப் பேசுவது வெயிலைப் பற்றி அல்ல, நிழலைப் பற்றி. தென்னை நிழல், ரப்பர் நிழல், பக்கத்து வீட்டு மாடியின் நிழல். கன்னியாகுமரி மாவட்டத்தில் மரம் இல்லாத விளையை, அதாவது வீட்டோடு சேர்ந்த தோப்பை, நான் இன்னும் பார்க்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் விழுகிற ஒரு துண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கரண்டு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த 2012, 2013 வருஷங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்சியில் பாதி அரைத்த தேங்காயோடு நின்றவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவர்கள், மோட்டார் போடுவதற்குள் கரண்டு போய் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அந்தச் சமயத்தில்தான் நானும் என் வீட்டுக்காரரும் தக்கலையில் கடை போட்டோம். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவள். அவர் பெயர் ராஜன், ஷார்ஜாவில் வெல்டராக இருந்தவர். இடமும் திசையும் பார்ப்பது, வயரிங் இழுப்பது என் பொறுப்பு. குழி தோண்டுவது, இரும்பு ஆங்கிள் வெட்டி ஸ்டாண்டு நிறுத்துவது அவர் பொறுப்பு. நாங்கள் கூரைமேல் ஏறுவதில்லை. தரையில் ஸ்டாண்டு போட்டு அதன்மேல் பேனல் மாட்டுகிற வேலை மட்டும்தான். அது ஏன் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூங்கில் ஏணி

ராஜன் ஷார்ஜாவில் ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்தவர். இடது தொடைக்குள் இன்றைக்கும் கம்பி இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகு நடக்கிறார், பாரம் தூக்குகிறார், மண்வெட்டி பிடிக்கிறார். ஏணியில் மட்டும் கால் வைக்க மாட்டார். அழகியபாண்டிபுரம் பக்கத்தில், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கான்கிரீட் வீடு. முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் வாழைக்கன்று வைத்திருந்தார். "மொட்டை மாடி சும்மா கிடக்கு. பின்ன எதுக்கு நான் வாழையைப் பிடுங்கணும்?" என்று கேட்டார். நாங்கள் தரையில்தான் செய்வோம் என்று சொல்லியும் அவர் விடவில்லை. பார்க்காமலே வேண்டாம் என்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. மாடிக்குப் படிக்கட்டு கிடையாது, ஒரு மூங்கில் ஏணிதான். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன்.

மேலே அளந்து முடித்துவிட்டு இறங்கத் திரும்பினபோது கீழே பார்த்தேன். ராஜன் ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, நெற்றியைப் படியில் வைத்து, கண்ணை மூடி நின்றார். நான் இறங்கி வந்து தோளைத் தொட்ட பிறகும் அவர் கை விடவில்லை. உள்ளங்கையில் மூங்கில் கணு பதிந்து சிவந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் இதை எதையும் கவனிக்கவில்லை. மேலே இடம் சௌகரியம்தானே, எப்போது வேலையை ஆரம்பிக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவருடைய வாழைக்கன்றுகள் கிணற்றடிக்கு இடம் மாறின, அந்த இடத்தில் எங்கள் ஸ்டாண்டு நின்றது. அதற்குக் காரணம் அன்றைக்கு நான் வாயைத் திறக்கும் முன்னால் ராஜன் அவரிடம் சொன்ன பதில்தான்: "மேல ஏறிப் பேனல் வைக்க வேற ஆளு நிறைய உண்டு சார். எனக்கு இவ ஒருத்திதான் உண்டு."

கல்லறைக்கு மேலே

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், இறந்தவர்களைச் சொந்த விளையிலேயே அடக்கம் செய்கிற குடும்பங்கள் உண்டு. திருவட்டாறு பக்கத்தில் ரோசம்மாள் என்பவர் வீட்டுப் பின்னால் அவருடைய கணவரின் கல்லறை இருந்தது. வெள்ளை டைல்ஸ் ஒட்டி, தலைமாட்டில் சிலுவை வைத்து, சுற்றிலும் ஒரு சருகு கிடக்காமல் பெருக்கி வைத்திருந்தார். வீட்டைச் சுற்றி ரப்பர். ஓட்டுக்கூரையில் எதையும் வைக்க முடியாது. நான் காம்பஸை வைத்துக்கொண்டு விளை முழுக்க நடந்தேன். நாள் முழுக்க வெயில் விழுகிற ஒரே இடம் அந்தக் கல்லறைதான். ரோசம்மாள் தனியாக இருக்கிறார் என்று தோகாவிலிருந்து இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவருடைய மகன் பினு. அவரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "அப்பாக்க மேலயா? வேண்டாம். ஆளுக என்ன சொல்லும்?" என்றார். நானும் அதையே நினைத்தேன். அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

ரோசம்மாள் போனை என் கையிலிருந்து வாங்கவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, கல்லறை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, டைல்ஸ் மேல் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். மத்தியான வெயிலில் அது அடுப்புக்கல் மாதிரி சுட்டது. "ஸ்டாண்டுக்கு எவ்வளவு உயரம் வைப்பிய?" என்று ராஜனிடம் கேட்டார். எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார் ராஜன். "கல்லறைத் திருநாளுக்கு நான் அடியில நின்னு மெழுகுதிரி கொளுத்தணும். தலை முட்டப்பிடாது. காலு நாலும் அவரைத் தொடாம தள்ளி நிக்கணும்." மகன் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கணவர் செங்கல் சூளையில் தீ வைக்கிற வேலை பார்த்தவர் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ரோசம்மாள் போனைப் பார்த்து மகனிடம் சொன்னதிலிருந்துதான் தெரிந்தது: "ஆயுசு முழுக்க சூளையில வெந்த மனுஷன், மக்களே. இனியாவது கொஞ்சம் நிழலில கிடக்கட்டு."

பிச்சிப் பாத்தி

தோவாளையில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பாகம் பிரித்த நாளிலிருந்து அப்படித்தான். அண்ணன் சங்கரன் வீட்டில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் காட்டிய இடம் எல்லை ஓரம். வடக்கே எல்லையைத் தாண்டினால் தம்பி முருகனின் பிச்சிப் பாத்தி. நாங்கள் குழி தோண்டக் கயிறு கட்டுவதற்குள் முருகன் பாத்திக்குள் வந்து நின்றுவிட்டார். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஸ்டாண்டின் நிழல் வடக்கே நீண்டு என் செடியில் விழும், செடி பூக்காது என்றார். இதை அண்ணனிடம் சொல்லவில்லை. அண்ணன் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருக்க, என்னிடம் சொன்னார். "அந்த வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்கோ" என்று முடித்தார். அண்ணனும் என்னிடமே பதில் சொன்னார். நான் நடுவில் நின்று, இருவருக்கும் நன்றாகக் கேட்ட பேச்சை இருவருக்கும் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

முருகன் சொன்னது சரிதான். ஸ்டாண்டு உயரத்துக்கு ஒரு கம்பை ஊன்றி, மார்கழி நிழல் எதுவரை வரும் என்று கணக்குப் போட்டு, மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினேன். கோடு பாத்திக்குள் போய்விட்டது. தெற்கே தள்ளி வைத்தால் நிழல் எல்லை தாண்டாது. ஆனால் அங்கே சங்கரனின் அரளி நின்றது. பூ நிறைய வருகிற செடிகள். சங்கரன் கோட்டைப் பார்த்தார், அரளியைப் பார்த்தார், வீட்டுக்குள் போய்விட்டார். வேலை நின்றுபோனது என்று நினைத்து நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தோம். அவர் வெட்டுக்கத்தியோடு திரும்பி வந்தார். குனிந்து ஒவ்வொரு அரளியாக வெட்டிப்போட்டார். ராஜன் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். கையிலும் வேட்டியிலும் அரளிப்பால் வழிந்திருந்தது.

முருகன் எல்லைக்கு அந்தப் பக்கம் கடைசிவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் செடியும் விழுந்த பிறகு, பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் மாதிரி இரண்டு எட்டு வைத்து, திரும்பி என்னிடம் சொன்னார்: "அரளிப்பால் விஷமாக்கும். கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு சோறு திங்கச் சொல்லுங்கோ, அண்ணன்கிட்ட."

அருவிக்கரை டீக்கடை

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் வீட்டோடு சேர்ந்து டீக்கடை வைத்திருந்த ஒருவர், பேனலைப் பற்றி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மழை நாளில் என்ன ஆகும் என்று கேட்டார். சார்ஜ் குறையும் என்றேன். ராத்திரி? ராத்திரி சார்ஜ் ஆகாது, பகலில் ஏறினதைத்தான் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும் என்றேன். அவர் டீயை ஆற்றி என் முன்னால் வைத்துவிட்டு ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்: "இங்க கரண்டு போறதே மழையிலயும் ராத்திரியிலயும்தான். அப்பம் எனக்குக் கரண்டு இருக்கிய நேரம் பாத்து இது நல்லா வேலை செய்யும், இல்லியா?"

ஆட்டோ நின்ற இடம்

கருங்கல் பக்கத்தில் வில்சன் என்று ஒரு ஆட்டோ டிரைவர். அவருடைய மனைவி ஸ்டெல்லா பல வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், புகைக்குள் இருந்து வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுப்போய், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷினை மூக்கில் குழாய் வைத்து மாட்டியிருந்தார். மெஷின் ஓடுவது கரண்டில். கரண்டு போகிற போதெல்லாம் வில்சன் சிலிண்டரைத் திறந்து மாற்றி மாட்ட வேண்டும். சவாரியில் இருந்தால் பாதி வழியில் ஆளை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தங்கச்சி, இது நிக்காம ஓடுமா?" நான் பொய் சொல்லவில்லை. சின்ன முற்றம், சின்ன சிஸ்டம். சில மணி நேரம் தாங்கும், நாள் முழுக்கத் தாங்காது, சிலிண்டரைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று சொன்னேன். சில மணி நேரம் போதும், நான் எங்கே இருந்தாலும் அதற்குள் வந்துவிடுவேன் என்றார். முற்றத்தில் வெயில் விழுந்தது அவர் ஆட்டோ நிறுத்துகிற இடத்தில் மட்டும். அன்றைக்கே ஆட்டோவை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தினார்.

எல்லாம் மாட்டி முடித்து, சோதிப்பதற்காக மெயின் சுவிட்சை நான்தான் அணைத்தேன். முன்கூட்டியே சொல்லியிருந்தும், ஸ்டெல்லா கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெஷினையே பார்த்தார். ஃபேன் நின்றது. மெஷின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து, மறுபடி பழைய மாதிரி ஓடியது. அவர் பிடியை விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த மெஷின் நிற்காமல் ஓடியது. ஸ்டெல்லா பிறகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நாங்கள் அடக்கத்துக்குப் போயிருந்தோம். ஆட்டோ அன்றைக்கும் தெருவில்தான் நின்றது.

கொஞ்ச நாள் கழித்து வில்சன் கடைக்கு வந்தார். பேனலைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும் என்றார். அவருக்கு முற்றம் திரும்ப வேண்டும் போல என்று நினைத்தேன். அப்படி இல்லை. திங்கள்சந்தை பக்கத்தில் இதே நோயில் கிடக்கிற ஒருவருக்கு மெஷினைக் கொடுத்திருக்கிறார். அவர் இவருக்குச் சொந்தமும் இல்லை, சிநேகிதரும் இல்லை. மெஷினைக் கொடுத்ததே பெரிய விஷயம், பேனலை உங்கள் வீட்டு விளக்குக்காவது வைத்துக்கொள்ளலாமே அண்ணே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "மெஷினை மட்டும் கொடுத்தா கரண்டு போகுத நேரம் அவருக்க பெஞ்சாதி சிலிண்டரைத் தேடி ஓடுவா. அந்த ஓட்டம் எனக்குத் தெரியும், தங்கச்சி."

குளச்சலில் ஒரு சார்ஜர்

ஓகி புயலுக்கு முன்னால் குளச்சலில் ஒரு வீட்டில் வேலையைப் பாதி முடித்திருந்தோம். மீன்பிடிக்கிற சகாயம் என்பவர் வீடு. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத போல்ட்டாகப் பார்த்துப் போட வேண்டும் என்று கூடவே நின்று சொன்னவர். கான்கிரீட் போட்டு, அது காயட்டும் என்று நாங்கள் கிளம்பினோம். அவர் கடலுக்குப் போனார். அதற்குள் புயல் வந்துவிட்டது. மாவட்டம் முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்டுக் கம்பங்களும் கூடவே விழுந்திருந்தன. எந்த விளையைப் பார்த்தாலும் பளீரென்று வெயில். சகாயத்தின் வள்ளம் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டோம். போவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேலைக்காக இல்லாவிட்டாலும் முகத்தைக் காட்டிவிட்டு வருவோம் என்று ராஜன் சொன்னார். மரம் வெட்டி வழி விட்டிருந்த ரோடுகளாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போனோம்.

முற்றத்தில் அந்தக் கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவே தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் கடலுக்குப் போனவர்கள். லட்சத்தீவில் சிலர் கரையேறியிருக்கிறார்கள், குஜராத் பக்கம் சிலர் இருக்கிறார்கள் என்று தகவல் வந்துகொண்டிருந்தது. ஆனால் யார் கையிலும் போனில் சார்ஜ் இல்லை. சகாயத்தின் மனைவி அருள்மேரி எழுந்து வந்தார். "பேனல் உங்க கடையில இருக்கா அக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இப்போது எதற்கு அதெல்லாம் என்று அவருடைய மாமனார் தடுத்தார். வீடு இப்படி இருக்கும்போது ஆணி அடிக்கிற சத்தம் கேட்கலாமா என்றார். "விளக்குக்கு இல்லை மாமா. போனுக்கு" என்றார் அருள்மேரி. நாங்கள் உடனே திரும்பிப் போய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஸ்டாண்டு நிறுத்தின அன்றைக்கே, வீட்டுக்குள் வயர் இழுக்காமல், ஒரு பலகையில் வரிசையாகப் பிளக் வைத்து முற்றத்திலேயே கொடுத்தேன். தெருவிலிருந்த போனெல்லாம் அந்தப் பலகைக்கு வந்தது. அருள்மேரியின் போன் நடுவில் இருந்தது.

சகாயம் வரவே இல்லை. அது உறுதியாகத் தெரிவதற்குப் பல நாள் ஆனது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது. சாயங்காலம் நான் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பலகையில் ஒரு போன் அடித்தது. முற்றத்தில் இருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எதிர் வீட்டுப் பெண்ணின் போன் அது. தெரியாத நம்பர். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், தொடப் பயந்தாள். எடுத்துப் பார்த்தால்தானே தெரியும், நல்ல சேதியோ கெட்ட சேதியோ. அருள்மேரிதான் போனை வயரிலிருந்து உருவி அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். "பேசு பிள்ளே. நம்மள்ல ஒருத்திக்காவது வரட்டும்."

இத்தனை வருஷத்தில் சூரியனால் எங்களுக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை. அது விழுகிற இடத்தில்தான் எப்போதும் யாராவது ஒருவர் முன்கூட்டியே குடியிருக்கிறார்.